ஓஎல்14 முகவரி, கால்டர்டேல் பில், வெஸ்ட் யார்க்‌ஷயர் போலீஸ்: அங்கே யார் எதற்குப் பொறுப்பு?

கேள்வி இதுதான். வேலை கிடைத்து இங்கிலாந்தின் டாட்மர்டனில் வீடு பிடித்திருக்கிறார் ஒருவர். அஞ்சல் குறியீடு ஓஎல்14 என்று தொடங்குகிறது, அது ஓல்டம் நகரத்தின் எழுத்து. கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கான உள்ளாட்சி வரி) பில் கால்டர்டேலிலிருந்து வருகிறது, கவுன்சில் கூட்டம் ஹாலிஃபாக்ஸில் நடக்கிறது, போலீஸ் வெஸ்ட் யார்க்‌ஷயருடையது. "கால்டர்டேல் என்பது ஊரா, மாவட்டமா, மாநகராட்சியா? ஒரு வேலை ஆகவேண்டும் என்றால் யாரிடம் போவது?" என்று கேட்கிறார்.

கால்டர்டேல் என்ற பெயரில் ஊர் எதுவும் கிடையாது. கால்டர் என்பது ஆறு, டேல் என்றால் பள்ளத்தாக்கு. 1972-இன் உள்ளாட்சிச் சட்டப்படி 1974 ஏப்ரல் 1 அன்று உருவான மாவட்டத்துக்குச் சூட்டிய புதுப் பெயர் அது. அதுவரை தனித்தனியாக இருந்த ஹாலிஃபாக்ஸ், பிரிக்ஹவுஸ், டாட்மர்டன், எல்லண்ட், சோவர்பி பிரிட்ஜ், ஹெப்டன் ராய்டு, ரிப்பண்டன் ஆகிய உள்ளாட்சிகளையும், ஹெப்டன் கிராமப்புற மாவட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். குவீன்ஸ்பரி அண்ட் ஷெல்ஃப் என்று ஓர் உள்ளாட்சி இருந்தது. அதை இரண்டாகப் பிரித்து, ஷெல்ஃபை இங்கேயும் குவீன்ஸ்பரியைப் பிராட்ஃபோர்டுக்கும் கொடுத்தார்கள். இப்போது பரப்பு சுமார் 364 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறத்தாழ 2,06,600.

கால்டர்டேலின் நிர்வாகப் பெயரில் வரும் "மெட்ரோபாலிட்டன்" என்ற சொல் நம்மவர்களை ஏமாற்றிவிடும். பெருநகரம் என்று நினைத்துப் போனால் ஆட்டுப்பட்டியும் செடிகள் மக்கி உண்டான கரிநிலமும்தான் கண்ணில் படும். மாவட்டத்தின் மேற்குப் பாதி பெரும்பாலும் ஆள் இல்லாத மேட்டுநிலம். அந்தச் சொல் நிலத்தைப் பற்றியது அல்ல, நிர்வாக வகையைப் பற்றியது. இங்கிலாந்தில் ஆறு மெட்ரோபாலிட்டன் கவுண்டிகள், அவற்றுக்குள் 36 மெட்ரோபாலிட்டன் மாவட்டங்கள். வெஸ்ட் யார்க்‌ஷயரில் ஐந்து: லீட்ஸ், பிராட்ஃபோர்டு, வேக்ஃபீல்டு, கர்க்லீஸ், கால்டர்டேல். முதல் மூன்றுக்கும் நகர அந்தஸ்து உண்டு, மற்ற இரண்டும் பரோ (நகர அந்தஸ்து இல்லாத உள்ளாட்சி) மட்டுமே.

இந்த மாவட்டத்தைப் புரிந்துகொள்ளக் கவுன்சில் கட்டடத்திலிருந்து தொடங்குவதைவிட ஆற்றிலிருந்து தொடங்குவது நல்லது. பர்ன்லிக்கும் டாட்மர்டனுக்கும் இடையிலுள்ள மேட்டுநிலத்தில் கால்டர் பிறக்கிறது. கிழக்கே டாட்மர்டன், ஹெப்டன் பிரிட்ஜ், மைதம்ராய்டு, சோவர்பி பிரிட்ஜ், எல்லண்ட், பிரிக்ஹவுஸ் என்று ஓடி, மாவட்டத்தைத் தாண்டி, காசில்ஃபோர்டில் ஏர் ஆற்றில் கலக்கிறது. அதே மேட்டிலிருந்து கால்டர் என்ற அதே பெயரில் இன்னோர் ஆறு மேற்கே பர்ன்லி வழியாக ரிபிள் ஆற்றுக்குப் போகிறது. வெள்ள எச்சரிக்கையைப் படிக்கும்போது எந்தக் கால்டர் என்று பாருங்கள், லங்காஷயர் கால்டருக்கு வந்த எச்சரிக்கை உங்களுக்கு உரியது அல்ல.

பக்கத்து ஓடைகள் எங்கே கால்டரைச் சந்திக்கின்றனவோ அங்கேயே ஊர்கள் இருக்கின்றன. டாட்மர்டனில் வால்ஸ்டன் வாட்டர், ஹெப்டன் பிரிட்ஜில் ஹெப்டன் வாட்டர், மைதம்ராய்டில் கிராக் வேலிலிருந்து இறங்கும் ஓடை, சோவர்பி பிரிட்ஜில் ரிபர்ன். ஹாலிஃபாக்ஸ் மட்டும் கால்டர் கரையில் இல்லை. கிளை ஓடையான ஹெபிளின் சரிவில், உயரத்தில் இருக்கிறது. வடக்கே லீட்ஸ், பிராட்ஃபோர்டு பக்கமும் தெற்கே ஹடர்ஸ்ஃபீல்டு பக்கமும் எளிதாகப் போய்வரும் இடம் அது. மாவட்டத்தின் பெரிய ஊரும் அதுவே, ஏறத்தாழ 90 ஆயிரம் பேர்.

பாறை, மில்ஸ்டோன் கிரிட் எனப்படும் முரட்டு மணற்கல். அதன் மேல் கரிமண். அடிவாரம் ஒரு காலத்தில் சதுப்பும் காடுமாக இருந்ததால் மக்கள் முதலில் நடுச்சரிவில் உள்ள படிபோன்ற சமநிலத்தில்தான் குடியேறினார்கள். ஹெப்டன் பிரிட்ஜுக்கு மேலே குன்றின் மீது நிற்கும் ஹெப்டன்ஸ்டால் அப்படிப்பட்ட பழைய ஊர். வீட்டிலேயே தறி போட்டுக் கம்பளித் துணி நெய்து, பொதிக்குதிரையில் ஏற்றி ஹாலிஃபாக்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் துணியை விற்பதற்கென்றே கட்டியதுதான் 1779-இல் திறந்த பீஸ் ஹால். பிறகு தண்ணீர்ச் சக்கரமும் நீராவியும் வந்தபோது ஆலைகள் அடிவாரத்துக்கு இறங்கின. 1804-இல் ராச்டேல் கால்வாய், 1841-இல் மான்செஸ்டர்–லீட்ஸ் ரயில் பாதை. ஊர்களும் பின்னாலேயே இறங்கிவந்தன.

இன்றைய தலைவலிகள் பலவும் இந்த இறக்கத்தில் தொடங்கியவை. பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் ஆறு, கால்வாய், ரயில் பாதை, ஏ646 சாலை ஆகிய நான்கும் சில நூறு மீட்டர் அகலத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன. விபத்தோ மண்சரிவோ வந்து ஏ646 மூடப்பட்டால், மாற்றுவழி என்பது மேட்டின் மேலேறிப் போகும் குறுகிய சாலைதான். பனிக்காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. எம்62 நெடுஞ்சாலை மாவட்டத்தின் தென்விளிம்பில், சுமார் 372 மீட்டர் உயரம் வரை ஏறிப் போகிறது. வரைபடத்தில் பக்கம்போலத் தெரிந்தாலும் டாட்மர்டனிலிருந்து அதைப் பிடிக்கவே கணிசமான நேரம் ஆகும். ராச்டேல், மான்செஸ்டர் வேலைக்குப் போகிறவர்களுக்கு ரயில்தான் மேல். ஹாலிஃபாக்ஸ், பிரிக்ஹவுஸ், சோவர்பி பிரிட்ஜ், மைதம்ராய்டு, ஹெப்டன் பிரிட்ஜ், டாட்மர்டன், வால்ஸ்டன் ஆகிய இடங்களில் நிலையங்கள் உண்டு.

வீடு பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஹெப்டன் பிரிட்ஜில் செங்குத்தான சரிவில் இடத்தை மிச்சம்பிடிக்க ஒரு வீட்டின் மேல் இன்னொரு வீடு கட்டியிருக்கிறார்கள். கீழ்வீட்டின் வாசல் கீழ்த்தெருவில், மேல்வீட்டின் வாசல் பின்னாலுள்ள மேல்தெருவில். கீழ்வீட்டின் பின்பக்கம் மண்ணோடு ஒட்டியிருப்பதால் ஈரம் ஏறும், பின்ஜன்னல் இருக்காது. கூரையை யார் பழுதுபார்ப்பது, ஈரத்துக்கு யார் செலவழிப்பது என்பதைப் பத்திரத்தில் படித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

இனி அஞ்சல் குறியீட்டுக் குழப்பம். எச்எக்ஸ்1 முதல் எச்எக்ஸ்4 வரை ஹாலிஃபாக்ஸ், எச்எக்ஸ்5 எல்லண்ட், எச்எக்ஸ்6 சோவர்பி பிரிட்ஜ், எச்எக்ஸ்7 ஹெப்டன் பிரிட்ஜும் மைதம்ராய்டும், எச்டி6 பிரிக்ஹவுஸ், ஓஎல்14 டாட்மர்டன். எச்டி என்பது ஹடர்ஸ்ஃபீல்டின் எழுத்து, ஓஎல் ஓல்டமின் எழுத்து. கடிதங்களை எங்கே பிரிக்கிறார்கள் என்பதை மட்டுமே அவை சொல்லும். ஹடர்ஸ்ஃபீல்டு இருப்பது கர்க்லீஸ் மாவட்டத்தில், ஓல்டமோ கிரேட்டர் மான்செஸ்டரில். உங்கள் கவுன்சில் எது என்று அறிய எழுத்தை நம்பாமல், அரசின் இணையதளத்தில் முழு அஞ்சல் குறியீட்டையும் போட்டுப் பாருங்கள். எல்லையோரத் தெருக்களில் ஒரே குறியீட்டுக்குள் இரண்டு கவுன்சில்கள் வருவதும் உண்டு.

டாட்மர்டனின் குழப்பம் 1974-க்கும் முந்தையது. 1888 வரை லங்காஷயர்–யார்க்‌ஷயர் எல்லை அந்த ஊரின் நடுவே ஓடியது. 1875-இல் திறந்த டவுன் ஹாலை வால்ஸ்டன் வாட்டரின் மேலேயே, எல்லைக்கு இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதியாகக் கட்டினார்கள். முகப்புச் சிற்பத்தில் லங்காஷயரின் பருத்தியும் யார்க்‌ஷயரின் கம்பளியும் பக்கம்பக்கமாக இருக்கின்றன. நின்று பார்க்க வேண்டிய கட்டடம்.

நிர்வாகத்துக்கு வருவோம். 1974-இல் இரண்டு அடுக்கு இருந்தது: மேலே வெஸ்ட் யார்க்‌ஷயர் மெட்ரோபாலிட்டன் கவுண்டி கவுன்சில், கீழே ஐந்து மாவட்டக் கவுன்சில்கள். 1986 மார்ச் இறுதியில் மேலடுக்கைக் கலைத்தார்கள். கவுண்டி வரைபடத்தில் இருக்கிறது, அதற்குக் கவுன்சில் இல்லை. அதன் வேலைகளில் பெரும்பகுதி மாவட்டங்களுக்கு வந்தது. போலீஸும் தீயணைப்பும் பேருந்தும் ஐந்து மாவட்டங்களுக்கும் பொதுவான அமைப்புகளிடம் போயின. 2014-இல் வெஸ்ட் யார்க்‌ஷயர் கம்பைண்டு அத்தாரிட்டி என்ற, ஐந்து மாவட்டங்களின் கூட்டு அமைப்பு உருவானது. 2021-இல் அதற்கு மக்கள் நேரடியாக ஒரு மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ட்ரேசி பிராபின் அப்போதும் 2024-இலும் வென்றார். போக்குவரத்தோடு, போலீஸைக் கண்காணிக்கும் அதிகாரமும் அந்த மேயரிடம்தான். ஆகவே பேருந்து வழித்தடம் பற்றிய குறையைக் கால்டர்டேல் கவுன்சிலுக்கு எழுதினால் கடிதம் சுற்றிக்கொண்டிருக்கும், நாள்தான் வீணாகும்.

கால்டர்டேலுக்கும் ஒரு மேயர் உண்டு, ஆனால் அவர் வேறு. ஒவ்வோராண்டும் கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்து கழுத்தில் சங்கிலி போட்டுவிடுவார்கள். கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதும் விழாக்களுக்குப் போவதும் அவர் வேலை. முடிவெடுப்பது கவுன்சில் தலைவரும் அவருடைய கேபினட்டும். ஆண்டு பட்ஜெட்டையும் கவுன்சில் டாக்ஸையும் மட்டும் முழுக் கவுன்சிலும் கூடி நிறைவேற்ற வேண்டும், அதற்கான சட்டக் கெடு மார்ச் 11. கூட்டம் நடப்பது ஹாலிஃபாக்ஸ் டவுன் ஹாலில். சார்லஸ் பேரி வடிவமைத்து 1863-இல் திறந்த கட்டடம், பொதுமக்கள் போய் உட்கார்ந்து கேட்கலாம்.

2004-இல் வரைந்த எல்லைப்படி 17 வார்டுகள், வார்டுக்கு மூன்று பேராக 51 கவுன்சிலர்கள் இருந்தார்கள். பழக்கப்பட்ட முறை மூன்றிலொரு பங்காகத் தேர்தல் நடத்துவது: நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகள் வார்டுக்கு ஓர் இடத்துக்கு வாக்குப்பதிவு, நான்காம் ஆண்டு இல்லை. வார்டு எல்லைகளை மறுவரைவு செய்யும்போது எல்லா இடங்களுக்கும் ஒரே சமயத்தில் தேர்தல் வரும். எனவே வார்டின் பெயரைப் பழைய வரைபடத்தை வைத்துச் சொல்லாமல் கவுன்சில் தளத்தில் பார்த்துவிடுங்கள். உங்கள் வார்டில் மூன்று கவுன்சிலர்கள் இருப்பார்கள், மூவருக்கும் எழுதலாம். ஒருவர் பதில் தராவிட்டால் மற்றவர் தருவார்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று: இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால், முறையான அனுமதியோடு அங்கே வசித்தாலே வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. வயது 18 ஆகியிருக்க வேண்டும், வாக்குப்பதிவுக்கு 12 வேலைநாள் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். 2023 மே முதல் வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் கட்டாயம். உங்கள் இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட்டே போதும். தயவுசெய்து பதிவு செய்யுங்கள். சாலையும் பள்ளியும் உங்களுக்கும் உரியவை.

கவுன்சிலுக்குக் கீழே இன்னோர் அடுக்கு சில இடங்களில் மட்டும் உண்டு. டாட்மர்டனுக்கு டவுன் கவுன்சில், ஹெப்டன் பிரிட்ஜுக்கும் மைதம்ராய்டுக்கும் சேர்த்து ஹெப்டன் ராய்டு டவுன் கவுன்சில், ஹெப்டன்ஸ்டால், வாட்ஸ்வர்த், பிளாக்‌ஷா, எரிங்டன், ரிப்பண்டன் போன்ற இடங்களில் பாரிஷ் கவுன்சில் (சிற்றூர் மன்றம்). ஹாலிஃபாக்ஸ் நகருக்கு அப்படி எதுவும் இல்லை. காய்கறித் தோட்டத் துண்டுகள், பெஞ்சுகள், சிறு மானியங்கள் போன்றவை இவற்றின் வேலை. கட்டட விண்ணப்பங்களில் கருத்துச் சொல்லும், ஆனால் அனுமதி தரவோ மறுக்கவோ அதிகாரம் கிடையாது. இதை மறந்துவிட்டு டவுன் கவுன்சிலில் மட்டும் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. கால்டர்டேலுக்குப் போக வேண்டிய கடிதம் போகாமலே கெடு முடிந்துவிடும்.

யார் யாருக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதைக் கவுன்சில் டாக்ஸ் பில் வரிவரியாகச் சொல்லிவிடும். கால்டர்டேல் கவுன்சில், முதியோர் மற்றும் ஊனமுற்றோர் பராமரிப்புக்கான கூடுதல், போலீஸ், தீயணைப்பு, பாரிஷ் இருந்தால் அதுவும். பணத்தை வாங்குவது கவுன்சில், பேண்டை (வரிப் படிநிலையை) தீர்மானிப்பது அரசின் மதிப்பீட்டு அலுவலகம். 1991 ஏப்ரலில் வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதுதான் அளவுகோல். 40 ஆயிரம் பவுண்டு வரை ஏ பேண்ட், 3,20,000-க்கு மேல் எச். ஏ பேண்ட் வீடு டி பேண்டின் ஒன்பதில் ஆறு பங்கைக் கட்டும், எச் இரண்டு மடங்கு. பழைய ஆலைத் தொழிலாளர் வரிசைவீடுகள் நிறைந்த மாவட்டம் என்பதால் இங்கே ஏ பேண்ட் மிகச் சாதாரணம். அக்கம்பக்கத்து ஒத்த வீடுகள் ஏ-வில் இருந்து உங்கள் வீடு மட்டும் பி என்றால், குடிவந்த ஆறு மாதத்துக்குள் மதிப்பீட்டு அலுவலகத்தில் முறையாக மறுப்புத் தெரிவிக்கலாம்.

தனியாக இருந்தால் 25 விழுக்காடு தள்ளுபடி. எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் கட்டவே வேண்டாம். இங்கே விசாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது உண்டு. தனிநபர் தள்ளுபடியும் மாணவர் விலக்கும் "பப்ளிக் ஃபண்ட்ஸ்" (பல விசாக்களில் வாங்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட அரசு உதவி) ஆகாது, தயங்காமல் கேட்கலாம். வருமானம் குறைவு என்று கேட்கும் கவுன்சில் டாக்ஸ் குறைப்பு மட்டும் பப்ளிக் ஃபண்ட்ஸ். உங்கள் விசாவில் அந்தத் தடை இருந்தால் அதற்கு விண்ணப்பிக்காதீர்கள். வழக்கமாகப் பத்துத் தவணை, கேட்டால் பன்னிரண்டாகப் பிரித்துத் தருவார்கள்.

குப்பை எடுப்பதும் அழிப்பதும் இரண்டுமே கால்டர்டேலின் பொறுப்பு. மருத்துவமனை கவுன்சிலுடையது அல்ல. கால்டர்டேல் ராயல் மருத்துவமனை பெயரில் கால்டர்டேல் இருந்தாலும் அதை நடத்துவது அரசின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ்-இன் டிரஸ்ட். வாடகைக் குடியிருப்புகளும் கவுன்சிலின் கையில் இல்லை. 2000-களின் தொடக்கத்திலேயே அவற்றை வீட்டுவசதிச் சங்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழுதுக்குச் சங்கத்திடம்தான் போக வேண்டும். வீடற்றுப்போனவர்களுக்கான சட்டக் கடமை மட்டும் கவுன்சிலிடமே இருக்கிறது.

பிள்ளைகள் இருந்தால் தேதிகளைத் தவற விடாதீர்கள். உயர்நிலைப் பள்ளிக்கு அக்டோபர் 31, தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15. பள்ளி அகாடமியாக (கவுன்சிலின் கட்டுப்பாட்டில் இல்லாத அரசுநிதிப் பள்ளியாக) இருந்தாலும் விண்ணப்பம் கவுன்சில் வழியாகத்தான். ஹாலிஃபாக்ஸில் நார்த் ஹாலிஃபாக்ஸ் கிராமர், கிராஸ்லி ஹீத் என்று இரண்டு தேர்வுமுறைப் பள்ளிகள் உள்ளன. அவற்றுக்கு நுழைவுத்தேர்வு இலையுதிர்காலத் தொடக்கத்தில் நடக்கிறது, பெயர் கொடுப்பது அதற்கும் முன்பே முடிந்துவிடும். அக்டோபர் 31-ஐ மட்டும் நினைவில் வைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு போய்விடும்.

பக்கத்து வீட்டுக்காரர் கட்டடம் எழுப்ப விண்ணப்பித்தால் கருத்துச் சொல்ல வழக்கமாக 21 நாள். சிறு விண்ணப்பங்களை 8 வாரத்திலும் பெரியவற்றை 13 வாரத்திலும் கவுன்சில் முடிவு செய்ய வேண்டும். "எங்கள் வீட்டு விலை குறையும்", "மலைக்காட்சி மறையும்" என்று எழுதினால் கணக்கில் எடுக்க மாட்டார்கள். வெளிச்சம் மறைவது, அறைக்குள் பார்வை விழுவது, சாலைப் பாதுகாப்பு, வெள்ளநீர் வடிகால் ஆகியவை எடுபடும்.

கடைசியாக வெள்ளம். கரிமண் ஊறிவிட்டால் அதற்கு மேல் பெய்யும் மழை அப்படியே ஓடிவரும். சரிவு செங்குத்து என்பதால் சில மணி நேரத்தில் ஆறு கரை தொட்டுவிடும், அடிவாரம் குறுகல் என்பதால் பரவ இடமும் இல்லை. 2015 டிசம்பர் 26 அன்று மாவட்டத்தில் 2,500-க்கும் மேற்பட்ட வீடுகளிலும் 1,500-க்கும் மேற்பட்ட கடைகள், தொழிலிடங்களிலும் தண்ணீர் புகுந்தது. எல்லண்டில் கால்வாய்ப் பாலம் சிதைந்து, திரும்பக் கட்ட ஓராண்டுக்கு மேல் ஆனது. 2020 பிப்ரவரி 9 அன்று மறுபடியும். மைதம்ராய்டில் ஆற்றை அகலப்படுத்திச் சுவரை உயர்த்தியிருக்கிறார்கள். ஹார்ட்கேஸில் கிராக்ஸ் காட்டில் தன்னார்வலர்கள் ஓடைகளின் குறுக்கே மரத்தடிகளைப் போட்டு நீரின் வேகத்தைக் குறைக்கிறார்கள். ஆபத்து தணிந்திருக்கிறது, தீரவில்லை.

தவறான இடத்துக்குத் தொலைபேசி செய்வது அதிகம் நடப்பதும் இதில்தான். கால்டர் போன்ற முதன்மை ஆறுகளும் எச்சரிக்கையும் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான என்விரான்மென்ட் ஏஜென்சியிடம். சாலையோர வடிகால் அடைப்பு கால்டர்டேலிடம். கழிவுநீர்க் குழாய் தண்ணீர் நிறுவனமான யார்க்‌ஷயர் வாட்டரிடம். சிறு ஓடைகள் நிரம்பி வருவது, தரையில் தேங்கும் மழைநீர் ஆகியவற்றைக் கண்காணிக்க வேண்டியது 2010-இன் வெள்ளச் சட்டப்படி கவுன்சில். ஆனால் உங்கள் நிலத்தின் வழியே, ஆலைக்காலத்துக் கல்லால் மூடிய ஓடை போனால், அதை அடைப்பின்றி வைத்திருப்பது நில உரிமையாளர் கடமை. வீடு வாங்குமுன் இதை வழக்கறிஞரிடம் கட்டாயம் கேளுங்கள்.

வெள்ள ஆபத்துள்ள வீடுகளுக்கும் கட்டுப்படியாகும் விலையில் காப்பீடு கிடைக்க ஃப்ளட் ரீ என்ற திட்டம் 2016 முதல் இருக்கிறது. 2009 ஜனவரி 1-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு மட்டும், கடைகளுக்கு இல்லை. ஆற்றோரத்தில் புதிதாகக் கட்டிய ஃபிளாட்டைவிடப் பழைய கல்வீட்டுக்குக் காப்பீடு எளிதாகக் கிடைப்பது அதனால்தான்.

கவுன்சில் எதையாவது செய்யத் தவறினால் முதலில் அவர்களுடைய புகார் முறையை முடியும்வரை நடத்துங்கள், ஒவ்வொரு கடிதத்துக்கும் எண் வாங்கிவையுங்கள். அதிலும் தீராவிட்டால் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஓம்பட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்). பிரச்சினை தெரியவந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும், கட்டணம் கிடையாது.